கதை புரிகிறது, ஆனால் ‘உள்ளே’ இருப்பது தட்டுப்படவில்லை

கேள்வி:

வணக்கம். நாற்பது வயதுக்கு மேல்தான் இலக்கியம் பக்கம் வந்தேன். அதுவரை துப்பறியும் கதைகளும் தொடர்கதைகளும்தான். எடுத்தால் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். இப்போது நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசுகிறோம். குறியீடு, படிமம், உள்ளடுக்கு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நானும் அதே கதையைத்தான் படித்துவிட்டுப் போகிறேன். எனக்கு யார் வந்தார்கள், என்ன நடந்தது என்பது மட்டும்தான் தெரிகிறது. பல கதைகள் முடிகிற இடத்தில் ‘அவ்வளவுதானா?’ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். பேசாமல் குழுவிலிருந்து விலகிவிடலாமா என்றுகூட இருக்கிறது. இதைப் பழகிக்கொள்ள வழி உண்டா, இல்லை, இது சிலருக்கு மட்டும் வாய்க்கிற திறமையா? இன்னொரு சந்தேகமும் உண்டு. எழுதியவரே நினைக்காததை எல்லாம் நாம் அவர் தலையில் கட்டுகிறோமோ?

பதில்:

அந்தக் கடைசிச் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

திறமையா, பழக்கமா என்று கேட்டால் பழக்கம்தான். சிறுகதைகளைத் தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும் என் வேலை. இந்த வேலையில் நான் பார்த்த நல்ல வாசகர்கள் யாருக்கும் ஞானக்கண் எதுவும் கிடையாது. மெதுவாகப் படிப்பார்கள். இரண்டாம் முறை படிப்பார்கள். ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று தங்களையே கேட்டுக்கொள்வார்கள். யார் வந்தார்கள், என்ன நடந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது என்கிறீர்களே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குறியீடு பற்றி அரைமணி நேரம் பேசுகிற சிலரிடம், கதையில் அந்தக் கடிதத்தை எழுதியது யார், பிரித்துப் படித்தது யார் என்று கேட்டால் திணறுவார்கள். சம்பவத்தைச் சரியாகப் பிடிக்காமல் கட்டுகிற விளக்கம் எல்லாம் பாதியில் சரிந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அர்த்தம் என்பது கதைக்கு அடியில் எங்கோ புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுக்க வேண்டும் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் பனிப்பாறையும் ஒரு காரணம். நகரும் பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று 1932இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். எல்லோரும் மேற்கோள் காட்டுகிற வாசகம். ஆனால் அவர் அதைச் சொன்னது எழுதுகிறவர்களுக்கு. தனக்கு நன்றாகத் தெரிந்ததை எழுத்தாளன் விட்டுவிட்டால் வாசகனுக்கு அது தெரிந்துவிடும், தெரியாததால் விட்டால் எழுத்தில் பொத்தல்தான் விழும் என்பது அவர் சொல்ல வந்தது. வாசகனை மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குதிக்கச் சொல்லவில்லை. வாசகன் மேலே இருக்கிற அந்த ஒரு பங்கைச் சரியாகப் பார்த்தால் போதும். நாம்தான் அதைத் தாண்டிக்கொண்டு ஓடிவிடுகிறோம்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு கதையை எடுத்துவைத்துப் பார்ப்போம். இந்தப் பதிலுக்காக நானே எழுதிய குட்டிக் கதை. தரத்தை எல்லாம் பார்க்காதீர்கள், நமக்கு வேண்டியது ஒரு மாதிரி.

வீட்டைக் காலி செய்கிற நாள். மகன் அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக வண்டிக்குக் கொண்டுபோனான். புதிதாகக் குடிவரப்போகிற பெண்ணுக்கு அம்மா வீட்டைச் சுற்றிக் காட்டினாள்.

“மழை பெஞ்சா இந்தக் கதவு உப்பிக்கும். லேசாத் தூக்கித் தள்ளணும்.”

மாடியிலிருந்து மகன் ஒரு பெட்டியோடு தடதடவென்று இறங்கினான். நடுவில் ஒரு படி கிறீச்சென்றது. அம்மா சட்டென்று திரும்பி, காலையில் முதலில் காலி செய்திருந்த அறையின் மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போனாள்.

“இதை ரொம்ப இறுக்காதே. மரை போயிடும்.”

மாடி ஏறும்போது அந்தப் படியைக் காட்டினாள். “ஏழாவது படி. சத்தம் போடும். ராத்திரி இறங்கினா இதைத் தாண்டிடு.”

“எங்க வீட்டுல இடி விழுந்தாலும் யாரும் எழுந்துக்க மாட்டாங்க” என்று அந்தப் பெண் சிரித்தாள்.

“நல்லது” என்றாள் அம்மா.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. அம்மா சாவியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஏழாவது படியைத் தாண்டி இறங்கினாள்.

அவ்வளவுதான் கதை. ‘அவ்வளவுதானா?’ என்று உங்களுக்குத் தோன்றினால் நல்லதாகப் போயிற்று.

இதை யாரிடமாவது இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் இப்படி வரும்: ‘ஒரு வயதான அம்மா பல வருஷம் வாழ்ந்த வீட்டை விட்டுப் போகிறாள். பிரிய மனமில்லாமல் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் போகிறாள்.’ கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. இப்போது கதைக்குத் திரும்பிப் பாருங்கள். வயதானவள் என்று எங்கே இருக்கிறது? பிரிய மனமில்லை என்பதற்கு எந்த வரி சாட்சி? சாவியைக் கொடுக்கும்போது அவள் தயங்கவில்லை. ஹாரன் கேட்டதும் கொடுத்துவிட்டு இறங்குகிறாள். திரும்பிப் பார்த்ததாகக்கூட இல்லை. வீடு மாறும் கதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் மனதில் ஏற்கெனவே ஒரு வார்ப்பு இருக்கிறது. அதைக் கதையின் மேல் போட்டுவிட்டோம். கதையில் இருந்த ஒன்றையும் விட்டுவிட்டோம். அவள் ஏன் காலி அறையின் மூடிய கதவைப் பார்த்தாள்?

முதல் வாசிப்பில் அந்த இடம் நிற்காது. நிற்கவும் முடியாது. படி சத்தம் போட்டால் யாரோ எழுந்துவிடுவார்கள் என்பதே பின்னால்தான் வருகிறது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்தப் பார்வை கண்ணில் குத்தும். அந்த அறையில் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் எழுந்துவிடக் கூடாது என்பது இவள் உடம்பில் ஊறியிருக்கிறது. அந்த ஆள் இப்போது இல்லை. அறையைக் காலி செய்ததும் இவர்கள்தான். தெரிந்தும் கழுத்து திரும்புகிறது.

இன்னும் கொஞ்சம் போகலாம். ராத்திரி ‘இறங்கினா’ என்கிறாள். அப்படியென்றால் அவள் மாடியிலிருந்து வருகிறவள். அந்த அறை கீழே இருப்பதாகத்தான் தெரிகிறது, அவள் கீழே நின்றுகொண்டு அதைப் பார்க்கிறாள். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. மகனோ தடதடவென்று இறங்குகிறான். அவனுக்கு அந்தப் படி வெறும் படி. ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் அது ஒரே வீடாக இருந்திருக்கவில்லை. மகன் வேறு எங்கோ வளர்ந்தானா, கவலையில்லாமல் வளர்ந்தானா, தெரிந்தும் மறந்துவிட்டானா? அது கதையில் இல்லை. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

அறையில் இருந்தது யார்? அடிக்கிற புருஷனா, நெடுநாள் படுக்கையில் கிடந்த நோயாளியா? பயத்தில் பார்த்தாளா, அக்கறையில் பார்த்தாளா? ‘சட்டென்று’ என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ‘நல்லது’ என்ற பதிலும் அப்படித்தான். அதை ஏக்கமாகவும் படிக்கலாம், ஆசீர்வாதமாகவும் படிக்கலாம், பேச்சை முடிக்கிற ‘நல்லது’ ஆகவும் படிக்கலாம். இந்தக் கதை இதில் ஒரு பக்கம் சாய மறுக்கிறது. ஆனால் ஒன்றில் சந்தேகமே இல்லை. இந்தப் பெண் அந்த வீட்டில் பல காலம் தன் சத்தத்தை அடக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள், அது இன்னும் காலை விட்டுப் போகவில்லை. எது உறுதி, எது ஊகம், எது நம் கற்பனை என்று இப்படிப் பிரித்துச் சொல்ல முடிந்தால் நீங்கள் ஆழமாகப் படித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். உங்கள் குழுவில் பேசுகிற பலபேரைவிடவும் ஆழமாக.

இதே கதை என் மேசைக்கு வேறு மாதிரியும் வரலாம். கடைசியில் இப்படி ஒரு வரி சேர்ந்திருக்கும்: ‘அவர் போய் மூன்று மாதம் ஆகியும் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை.’ நான் அதை அடித்துவிடுவேன். எழுதியவருக்கு வருத்தம்தான் வரும். வாசகருக்குப் புரியாமல் போய்விடுமே என்பார். போகட்டும் என்பேன். அந்த வரி வந்தவுடன் பயம் என்று முடிவாகிவிடும், மற்றச் சாத்தியங்கள் எல்லாம் செத்துவிடும். வாசகர் திரும்பிப் போய் அந்தக் கதவைப் பார்க்கவும் மாட்டார். ஒரு நல்ல கதை அச்சுக்குப் போவதற்குள் இப்படி எவ்வளவோ வரிகள் வெட்டுப்படும், எழுத்தாளரே வெட்டியவை இன்னும் அதிகம். அதையும் மீறி ஒரு வரி தங்கியிருக்கிறது என்றால் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது. ‘நீ ஏன் இங்கே இருக்கிறாய்?’ என்று அதைக் கேளுங்கள். கதவு உப்பும், குழாய் மரை போகும் என்ற இரண்டு வரிகளும் அப்படித் தங்கியவைதான். அவை இல்லாவிட்டால் படியைப் பற்றிய பேச்சு துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டின் இரண்டு குறைகளுக்குப் பின்னால் அதை நிறுத்தியதால், அதுவும் வீட்டின் குறை போலவே தெரிகிறது. அவளும் ஒருவேளை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லாமல் விட்டு உணர்த்துவது மேற்கத்தியச் சரக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்கள் இதற்கு உள்ளுறை (இயற்கைக் காட்சியை வைத்து மறைமுகமாக உவமை சொல்வது), இறைச்சி (அந்தக் காட்சியிலிருந்து குறிப்பாகப் பிறக்கிற பொருள்) என்று தொல்காப்பியத்திலேயே இலக்கணம் வகுத்துவிட்டார்கள். குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே வரி. அவன் என்னைச் சேர்ந்தபோது வேறு யாரும் இல்லை, கள்வன் அவன் மட்டும்தான் இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அப்புறம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் அங்கே இருந்தது, அதற்குத் தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்கள். பாட்டு முடிந்தது. இருந்த ஒரே சாட்சிக்குக் கண் மீன் மேல். அதன் சாட்சியம் எந்த வழக்கிலும் செல்லாது. இதை எந்த உரையும் சொல்லும். எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்த நேரத்தில் ஒரு பறவையின் கால் எப்படி இருந்தது என்பது வரை அவளுக்கு ஏன் நினைவிருக்கிறது? எத்தனை முறை அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போயிருந்தால் கால் வரைக்கும் தெளிந்திருக்கும்? அவள் தவிப்பைப் பற்றி நேரடியாக ‘நான் என்ன செய்வேன்’ என்ற ஒரு கேள்விதான் இருக்கிறது. மிச்சத்தை அந்தக் கால்கள் சொல்கின்றன.

நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: கதையைச் சொல்கிறவர் யார்? துப்பறியும் கதையில் பழகியவருக்கு இது எளிதாக வர வேண்டும். சாட்சி சொல்கிற ஆளையே சந்தேகப்படுவது உங்களுக்குப் புதிதில்லையே. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில், குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவர் தானே கதையைச் சொல்கிறார். (இந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்குத்தான் 1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.) அவர் நல்லவர். குழந்தைகளை நேசிப்பவர். அந்த நேசத்தை அவரே நமக்கு விவரமாகச் சொல்கிறார். இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார், சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைப்பதில்லை. கடைசியில் அவனே ஒரு டைரியை எடுத்துவைத்து, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபப்படாதீர்கள், முடிவு தெரிந்தபின் படித்தால் இந்தக் கதை இன்னும் வலிக்கும். ஏன் என்றால், அந்தப் பையன் முன்பக்கங்களில் எல்லாம் கண்ணெதிரேதான் நின்றுகொண்டிருக்கிறான். சொல்கிறவர் அவனைப் பார்த்திருக்கிறார், அவன் மனதைப் பார்க்கவில்லை. நாமும் அவர் கண்ணாலேயே பார்த்ததால் நமக்கும் தெரியவில்லை. இப்படிக் கதைசொல்லி தெரிவிக்கிற தகவலுக்கும் அவர் புரிந்துகொண்டதற்கும் நடுவில் இடைவெளி விழுகிற இடம் எங்கே என்று பாருங்கள். ‘நான்’ என்று தன்மையில் எழுதிய கதை என்றால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

எல்லாக் கதையும் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் வந்தது. அடிபட்டுக் கிடக்கிற கணவனுக்குக் கஞ்சி வார்க்கக் காசில்லாமல் ஒரு சேரிப் பெண் ஒருவனோடு சந்துக்குள் போகிற கதை. அதில் கதைசொல்லி கடைசியில் நேராகத் திரும்பி நம்மையே ‘ஐயா’ என்று கூப்பிட்டு இடித்துரைக்கிறார். பொருளைத் தேடிப் போகவே வேண்டாம், முகத்தில் அறைகிறது. அங்கே கேட்க வேண்டியது வேறு: இந்த ‘ஐயா’ யார்? கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற, அந்தச் சந்துக்குள் ஒருநாளும் கால்வைக்காத, வசதியாக உட்கார்ந்து இதைப் படிக்கிற ஆள். சத்தம் போட்டுப் பேசுகிற கதையில்கூட, யாரைப் பார்த்துச் சத்தம் என்று கேட்டால் ஒரு கதவு திறக்கும். தலைப்பையும் விடாதீர்கள். அந்தச் சேரிக்குப் பொன்னகரம் என்று பெயர்.

சரி, குறியீடு. உங்களை மிரட்டுவது இதுதான் என்று தோன்றுகிறது. நம் கதையை உங்கள் குழுவில் வைத்தால் யாராவது ஒருவர் ‘ஏழாவது படி என்றால் ஏழு பிறவி’ என்று ஆரம்பிப்பார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. மாற்றிப் பாருங்கள். ஏழாவது என்பதை ஐந்தாவது என்று மாற்றினால் கதைக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் ஏழில் ஒன்றும் இல்லை. அவள் அதை எண்ணி வைத்திருக்கிறாள் என்பதில்தான் ஏதோ இருக்கிறது. கடைசி வரியில் ‘தாண்டி’ என்பதை ‘மிதித்து’ என்று மாற்றுங்கள். கதையே வேறாகிவிடும். அவள் அந்தச் சத்தத்தை வேண்டுமென்றே எழுப்பிவிட்டுப் போகிற கதை அது. (ஒருவேளை அதுதான் இன்னும் நல்ல கதையோ என்று இப்போது தோன்றுகிறது.) மாற்றினால் கதை அசைகிற இடத்தில் நில்லுங்கள். அசையாத இடத்தில் யார் எவ்வளவு அழகாக விளக்கினாலும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு பொருள் குறியீடாகிறது என்றால் பெரும்பாலும் அது முதலில் வெறும் பொருளாகக் கதைக்குள் உழைத்திருக்கும். திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் கூடுதலாகச் சுமந்துகொண்டு வரும். ஒரே ஒருமுறை தலைகாட்டிய காக்கையைப் பிடித்து மரணம் என்று சொல்வதற்கு முன் அது வெறும் காக்கையாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிடுவது நல்லது.

உங்கள் கடைசிச் சந்தேகத்துக்கு வருகிறேன். எழுதியவர் நினைக்காததை நாம் ஏற்றுகிறோமா? சில சமயம் ஆமாம். ஆனால் ‘எழுதியவர் நினைத்தாரா?’ என்பது அந்தத் தகராறைத் தீர்க்கிற கேள்வி இல்லை. எழுத்தாளர்களோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கதையில் இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று அழகாகப் பேசிக்கொள்வதைச் சுட்டிக்காட்டினால் ‘அட, நான் யோசிக்கவே இல்லையே’ என்று சொல்கிறவர்கள் நிறைய. யோசிக்கவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்று ஆகிவிடாது. கை தெரிந்து எழுதியிருக்கிறது. அதற்கு நேர்மாறாக, நான் இதைத்தான் சொல்ல வந்தேன் என்று எழுத்தாளர் அடித்துச் சொல்வார், கதையில் அதற்கு ஒரு வரி ஆதாரம் இருக்காது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த வரி? ஒரு வரியைக் காட்ட முடிந்தால், மற்ற வரிகள் அதை மறுக்காமல் இருந்தால், அந்த வாசிப்புக்குக் கதையில் இடம் இருக்கிறது. காட்ட முடியாவிட்டால், அது பேசுகிறவரின் சொந்தக் கதை. அதுவும் சுவையாக இருக்கலாம், தப்பில்லை.

‘அவ்வளவுதானா?’ பற்றி. துப்பறியும் கதை முதல் பக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டுக் கடைசிப் பக்கத்தில் விடையைக் கொடுக்கும். அந்தக் கணக்கில் படித்துப் பழகிய கண்ணுக்குச் சிறுகதையின் முடிவு பாதியில் அறுந்தது போலத்தான் இருக்கும். அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்குப் பதிலாக முதல் பத்திக்குத் திரும்பிப் போங்கள். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் அடுத்தடுத்துப் படியுங்கள். என்ன மாறியிருக்கிறது? யாருக்கு என்ன தெரிந்திருக்கிறது? சில கதைகளில் பாத்திரங்கள் யாருக்கும் எதுவும் மாறியிருக்காது, நமக்கு மட்டும் மாறியிருக்கும். நம் கதையில் மகன், குடிவருகிற பெண், இருவருமே ஒன்றும் தெரியாமல்தான் போகிறார்கள். அப்புறம், இதற்கு ஒரு வரி முன்னால் கதை முடிந்திருந்தால் என்ன, ஒரு வரி தள்ளி முடிந்திருந்தால் என்ன என்று யோசியுங்கள். சாவியைக் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் அது வீடு மாறும் கதைதான்.

அடுத்த மாதக் கதைக்கு என்ன செய்யலாம்? முதல் வாசிப்பில் ஒன்றும் செய்யாதீர்கள். வழக்கம்போல விறுவிறுவென்று படியுங்கள், அந்த ஆசையை அடக்க வேண்டியதில்லை. படித்துவிட்டு வேறு வேலை பாருங்கள். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் கதையை இரண்டு மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். அப்புறம் பென்சிலோடு இரண்டாம் வாசிப்பு. நீங்கள் எழுதியதில் கதையில் இல்லாதது எது, கதையில் இருந்தும் நீங்கள் விட்டது எது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். படிக்கும்போது உறுத்துகிற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிற இடம், தேவையில்லாமல் ஒரு விவரம் வருகிற இடம், பத்து வருஷத்தை ஒரு வரியில் தாண்டிய கதை ஒரு கதவைத் திறப்பதற்கு ஒரு பத்தி எடுத்துக்கொள்கிற இடம். உரையாடல் உள்ள பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிப் போவதை நாக்கு தாண்டாது.

விளக்கக் கட்டுரை, முன்னுரை எல்லாம் அதற்குப் பிறகுதான். முன்னுரையை முதலில் படித்தால் அவர் காட்டிய இடம் மட்டும்தான் தெரியும். ஒரே எழுத்தாளரின் நாலைந்து கதைகளைச் சேர்த்துப் படிப்பதும் உதவும். அவர் எங்கே வாயை மூடிக்கொள்வார் என்பது பிடிபட்டுவிடும்.

எவ்வளவு செய்தும் ஒரு கதை திறக்காமலே போகலாம். அப்போது உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். வெறுமனே மூட்டமாக எழுதிவிட்டு ஆழம் என்று பெயர் சூட்டிக்கொள்கிற கதைகள் ஏராளம், அவற்றுக்கு விருதும் கிடைத்திருக்கும். இரண்டாம் வாசிப்பில் முதல் வாசிப்பைவிடக் கொஞ்சமாவது கூடுதலாகக் கிடைத்தால் அந்தக் கதையோடு இருங்கள். கிடைக்கவில்லை என்றால் ஓரமாக வைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் விட்டுவிடலாம், ஒரு நஷ்டமும் இல்லை.

குழுவிலிருந்து விலக வேண்டாம். அடுத்த முறை போகும்போது விளக்கம் எதையும் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். உங்களை உறுத்திய ஒரே ஒரு வரியைக் குறித்துக்கொண்டு போய், ‘இது ஏன் இங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை’ என்று கேளுங்கள். குறியீடு பேசுகிறவர்கள் எல்லோரும் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேட ஆரம்பிப்பார்கள். சிலர் அப்போதுதான் முதல்முறையாகத் திறப்பார்கள்.